சஜ்தாக் குறியும் ஜகரமும்: கணினி அணியெழுத்தின் வரலாறு

கணினி விளையாட்டுகளில் ஈடுபடும் இளைஞர்கள் தம் புனைபெயரைச் சுற்றி ஒரு பூவேலை செய்துகொள்வது 2000ஆம் ஆண்டுகளிலிருந்து உலகெங்கும் பரவிய வழக்கம். அப்பூவேலைகளுள் மிகவும் பெயர்பெற்ற ஒன்றை நம் வாசகர்களில் பலர் கண்டிருக்கக்கூடும். நடுவில் எட்டு முனை கொண்ட ஒரு விண்மீன். அதன் இரு மருங்கிலும் மிஹ்ராப் வளைவு போன்ற ஒரு சிறு வடிவம். இரு ஓரங்களிலும் சுருண்டு நிற்கும் ஓர் எழுத்து. பிரேசிலிலோ போலந்திலோ இருந்து இதைத் தம் பெயருக்கு முன்னும் பின்னும் ஒட்டிக்கொள்ளும் இளைஞருக்கு இவை வெறும் கோலம். நமக்கு அவ்வாறன்று. நடுவிலுள்ள விண்மீன், திருக்குர்ஆனின் ஹிஸ்பு ஒன்றின் காற்பகுதி தொடங்கும் இடத்தைக் காட்டும் ‘ருபுஉல் ஹிஸ்பு’ குறி. வளைவு வடிவம், ஓதுவோரும் கேட்போரும் நெற்றியை நிலத்தில் வைக்கவேண்டிய ஆயத்தைச் சுட்டும் சஜ்தாக் குறி. ஓரங்களில் சுருண்டு நிற்பது தமிழின் ‘ஜ’.

ஜும்ஆவையும் ஹஜ்ஜையும் ஜமாஅத்தையும் தமிழில் எழுத நமக்குக் கைகொடுத்த அந்தக் கிரந்த எழுத்தும், முஸ்ஹபின் ஓரத்தில் இருக்கவேண்டிய இரண்டு குறிகளும், அவற்றுள் எதையும் வாசிக்கத் தெரியாத ஒருவரின் பெயர்ப்பலகைக்கு எவ்வாறு வந்து சேர்ந்தன? இவ்வினாவின் விடை ஒரு நீண்ட வரலாற்றின் அண்மைய பக்கம் ஆகும்.

முதலில் அக்குறிகளைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். குர்ஆன் 30 ஜுஸ்உக்களாகவும், ஒவ்வொரு ஜுஸ்உவும் இரண்டு ஹிஸ்புகளாகவும், ஒவ்வொரு ஹிஸ்பும் நான்கு காற்பகுதிகளாகவும் பிரிக்கப்படும்போது மொத்தம் 240 காற்பகுதிகள் அமைகின்றன. மதீனா முஸ்ஹபைப் புரட்டியவர்கள் இப்பிரிவுகளின் தொடக்கத்தில் அந்த விண்மீனைக் கண்டிருப்பர். நம் முன்னோர் ஓதிய இந்தியப் பதிப்புகளில் இம்முறை இல்லை. அவற்றில் ஒவ்வொரு பாராவின் கால், அரை, முக்கால் ஆகியவை பக்க ஓரத்தில் சொல்லாகவே எழுதப்பட்டிருக்கும். சஜ்தாவின் நிலை வேறு. அது எல்லாப் பதிப்புகளிலும் உண்டு. ஷாஃபியீ, ஹனஃபீ ஆகிய இரு மத்ஹபுகளும் குர்ஆனில் 14 சஜ்தா இடங்களைக் கொள்கின்றன. எண்ணிக்கை ஒன்றே ஆயினும் இடங்கள் முற்றிலும் ஒன்றல்ல: ஷாஃபியீ மத்ஹபு சூரத்துல் ஹஜ்ஜின் இரண்டாம் இடத்தைச் சேர்த்து ஸாத் சூராவின் இடத்தை விடுகிறது, ஹனஃபீ மத்ஹபு அதற்கு மாறானது. இரண்டையும் குறித்துக்காட்டும் மதீனா முஸ்ஹபில் 15 குறிகள் உள்ளன. ஒரு சிறு வளைவின் இருப்பிடத்தில் இத்துணைச் சட்ட நுணுக்கம் அடங்கியிருக்கிறது.

வாசிக்கத் தெரியாதவர் அரபு எழுத்தை அழகுக்காக எடுத்தாள்வது கணினிக் காலத்தில் தோன்றியதன்று. இங்கிலாந்தின் மெர்சியா நாட்டை 757 முதல் 796 வரை ஆண்ட ஓஃபா என்னும் மன்னன் ஒரு பொற்காசு அடித்தான். அது அப்பாஸியக் கலீஃபா அல்மன்ஸூரின் ஹி. 157ஆம் ஆண்டுத் தீனாரின் படி. ‘முஹம்மதுர் ரஸூலுல்லாஹ்’ என்னும் வாசகம் அதில் இருக்கிறது; அதனூடே ‘ஓஃபா மன்னன்’ என இலத்தீனில் பொறித்திருக்கிறான்; ஆனால் அரபு வரிகளுக்கு அது தலைகீழாக நிற்கிறது! அச்சைச் செதுக்கியவனுக்கு அரபு வரிகளின் மேல் எது, கீழ் எது என்பதே தெரிந்திருக்கவில்லை. பிரித்தானிய அருங்காட்சியகத்தில் இக்காசு இன்றும் உள்ளது. இத்தாலிய ஓவியர்களும் இவ்வழியில் சென்றவர்களே. ஜென்டிலே தா ஃபப்ரியானோ 1423இல் தீட்டிய புகழ்பெற்ற ஓவியம் ஒன்றில் மர்யம் அவர்களின் தலையைச் சுற்றிய ஒளிவட்டம் முழுவதும் அரபெழுத்துப் போன்ற வரிகளால் நிரம்பியது. கீழைத் துணிகளிலும் பித்தளைத் தட்டுகளிலும் கண்ட அழகைத் தம் சமயப் படத்திற்கு அவர் பொருத்திக்கொண்டார். அதில் இழிவு செய்யும் நோக்கம் எதுவும் இல்லை, மதிப்பே மிகுதி. இன்றைய இளைஞரின் ‘ஜ’வுக்கும் சஜ்தாவுக்கும் பின்னால் இருப்பதும் பெரும்பாலும் அத்தகைய வியப்பே என நாம் கருதுகிறோம்.

முஸ்லிம் கலைஞர்களின் அணியெழுத்து இதனின்றும் அடிப்படையில் வேறுபட்டது. அப்பாஸிய அமைச்சர் இப்னு முக்லா (இறப்பு 940) ஒவ்வோர் எழுத்துக்கும் அளவு வகுத்தார். பேனா முனையை அழுத்தினால் விழும் சாய்சதுரப் புள்ளி அளவுகோல். அப்புள்ளிகளால் அலிஃபின் உயரம். அலிஃபை விட்டமாகக் கொண்ட வட்டத்திலிருந்து ஏனைய எழுத்துகளின் வளைவுகள். மூன்று கலீஃபாக்களிடம் அமைச்சராக இருந்த அவர் அரசியல் சூழ்ச்சியில் வலக்கை வெட்டப்பட்டுச் சிறையில் இறந்தார். அவர் வகுத்த நெறியை இப்னுல் பவ்வாப் (இறப்பு 1022) செம்மை செய்தார். ஹி. 391இல் அவர் எழுதிய குர்ஆன் பிரதி டப்ளினில் உள்ள செஸ்டர் பீட்டி நூலகத்தில் காக்கப்படுகிறது. இவ்விருவரின் எழுத்திலும் அழகு என்பது அளவின் விளைவு. அதே காலத்தையொட்டி எழுத்தின் நுனியில் கொடியும் இலையும் பூவும் விடும் கூஃபி வகைகளும் தழைத்தன. ஹெராத்தில் 1163இல் செய்யப்பட்டு, இப்போது ரஷ்யாவின் ஹெர்மிதாஜ் அருங்காட்சியகத்தில் உள்ள வெண்கல வாளி ஒன்றில் எழுத்துகளின் தண்டுகள் மனிதத் தலைகளாகவே முடிகின்றன. வாசிப்பது கடினம், நம் சுவைக்கு அது மிகையாகவும் படுகிறது. எனினும் அங்கே லாம் லாமாகவே இருக்கிறது, மீம் மீமாகவே இருக்கிறது. பொறுமையுடன் பார்ப்பவர் அந்த வாழ்த்துரையைக் கடைசி எழுத்து வரை வாசித்துவிடலாம். கலைஞன் எழுத்துக்கு ஆடை உடுத்தினானே அன்றி, ஆளை மாற்றவில்லை.

கணினி அணியெழுத்து மாற்றுவது ஆளையே. இதை விளங்கிக்கொள்ள யூனிகோடு என்னும் ஏற்பாட்டின் அடிப்படையை அறியவேண்டும். 1991இல் முதற்பதிப்பு வெளிவந்த இத்தரம், உலக மொழிகளின் ஒவ்வோர் எழுத்துக்கும் மாறாத ஓர் எண்ணை வழங்குகிறது. எண் எழுத்துக்கு உரியது, வடிவத்துக்கு உரியதன்று. அரபு ‘ஐன்’ சொல்லின் முதலில் ஒரு வடிவும் இடையில் ஒரு வடிவும் கடையில் ஒரு வடிவும் தனித்து நிற்கையில் ஒரு வடிவும் கொள்ளும். ஆனால் எண் ஒன்றே. எந்த வடிவைத் திரையில் காட்டுவது என்பது எழுத்துருவின் வேலை. நம் இலக்கணம் ஒலி வடிவம், வரி வடிவம் என்று பிரித்துக்காட்டுமே, ஏறக்குறைய அதுபோன்ற பிரிவினை இது. நஸ்க் எழுத்துருவில் எழுதினாலும் நஸ்தலீக்கில் எழுதினாலும் கணினியின் நினைவில் இருப்பது அந்த ஐன் மட்டுமே.

இந்நெறிக்குச் சில விலக்குகள் உண்டு; அணியெழுத்து முழுவதும் அவ்விலக்குகளின் வழியாகவே நுழைந்தது. கணிதத்தில் ஒரே சமன்பாட்டில் சாதாரண எழுத்தும் தடித்த எழுத்தும் சுழியெழுத்தும் வெவ்வேறு அளவுகளைக் குறிக்கும்; வடிவம் மாறினால் பொருள் மாறும். ஆகவே தடித்தவை, சாய்ந்தவை, சுழியெழுத்துகள், செருமானியப் பழைய பாணி எழுத்துகள் எனக் கணிதத்திற்கான தனி எழுத்துகள் 2001இல் யூனிகோடு 3.1 பதிப்பில் சேர்க்கப்பட்டன. இன்று அத்தொகுதியில் 996 எழுத்துகள் உள்ளன. கணித அறிஞருக்காக வந்த இவற்றைத்தான் சமூக ஊடகங்களில் தம் பெயரைப் பகட்டாக எழுத விரும்புவோர் எடுத்துக்கொண்டனர். இவ்வாறே ஒலியியலாளரின் தலைகீழ் எழுத்துகள் தலைகீழ் வாசகம் எழுதவும், சீன, ஜப்பானிய அச்சுக்கான அகல எழுத்துகள் இடைவெளி விட்டு எழுதியது போன்ற தோற்றத்திற்கும் பயன்பட்டன. சாதாரண வாசகத்தைக் கொடுத்தால் இவ்வாறு மாற்றித்தரும் கருவிகளும் பெருகின.

ஈண்டு ஒரு செய்தி நமக்குச் சிறப்பாக உரியது. கணிதத்தில் எழுத்தைக் குறியாக ஆளும் வழக்கம் மேற்கு இஸ்லாமிய உலகில் நன்கு வேரூன்றியிருந்தது. அந்தலுஸில் பிறந்து 1486இல் துனீசிய மண்ணில் மறைந்த அல்கலஸாதீ, ‘ஜத்ர்’ என்னும் மூலத்திற்கு ஜீமையும், ‘ஷைஉ’ என்னும் அறியாக் கணியத்திற்கு ஷீனையும், ‘மால்’ என்னும் வர்க்கத்திற்கு மீமையும், ‘கஅப்’ என்னும் கனத்திற்குக் காஃபையும் இட்டு எழுதினார். இம்முறையை அவரே கண்டுபிடித்தார் என ஒருகாலத்தில் எண்ணினர். அவருக்கு முன்பே மக்ரிபில் இது வழங்கியது என்பது பின்னர்த் தெளிவாயிற்று. அம்மரபின் தொடர்ச்சியாக அரபு மொழியில் கணிதம் பயிலும் நாடுகளுக்கென, வால் நீண்டவை, இழுக்கப்பட்டவை, கண்ணியிட்டவை, இரட்டைக் கோடிட்டவை எனப் பல வடிவ எழுத்துகள் அடங்கிய 143 அரபுக் கணிதக் குறிகள் 2012இல் யூனிகோடு 6.1இல் இடம்பெற்றன. இலத்தீன் எழுத்துகளுக்குக் கிடைத்து ஏறத்தாழ 11 ஆண்டுகள் கழித்தே இவை கிடைத்தன.

அணியெழுத்தில் உண்மையான இழப்பு எங்கே என்று கேட்கலாம். கண்ணால் காண்பவருக்கு இழப்பில்லை. பார்வையற்றோர் திரைவாசிப்பான் என்னும் மென்பொருளின் குரல் வழியே படிக்கின்றனர். கணித எழுத்துகளால் எழுதிய ஒரு பெயரை எதிர்ப்படும்போது அக்கருவி ‘கணிதத் தடித்த பெரிய எழுத்து’ என ஒவ்வொன்றையும் தனித்தனியே சொல்லும். அல்லது ஒன்றும் சொல்லாமல் கடந்துவிடும். தேடுபவர்க்கும் அப்பெயர் எளிதில் அகப்படாது. கண்ணுக்கு அழகாகவும் காதுக்கு வெறுமையாகவும் உள்ள ஓர் எழுத்து! ஓதுதலையும் கேட்டலையும் எழுத்துக்கு முன்னே வைத்த ஒரு சமுதாயத்திற்கு இது சிறு செய்தியன்று.

அரபு நாட்டு இளைஞரிடையே ‘ஸக்ரஃபா’ எனப்படும் பெயரலங்காரம் இதே வழியில் சென்றது. கத்தாதுகள் சொல்லின் உரிய இடத்தில், வரியின் அளவை நோக்கி, எழுத்திடை இணைப்பை நீட்டுவர். அதற்குப் பாரசீகத்தில் கஷீதா என்று பெயர். கணினியில் அந்நீட்சி ‘தத்வீல்’ என்னும் தனி எழுத்தாகிவிட்டதால், கண்ட இடத்திலெல்லாம் அதை ஐந்தும் பத்துமாகச் செருகுகிறார்கள். இன்னும் வியப்பானது காஃப் எழுத்தின் கதை. கிடையாக நீண்டு கிடக்கும் காஃப் வடிவு எழுத்தணிக்கலையில் பழையது. அவ்வடிவை விரும்பியோர் யூனிகோடில் தேடியபோது அது ஒரு தனியெழுத்தாகவே கிடைத்தது. ஏனெனில் சிந்தி மொழியில் அந்த நீண்ட காஃப் ‘க’ ஒலியையும், மற்றொரு காஃப் மூச்சொலி கலந்த ‘க்ஹ’ ஒலியையும் குறிக்கின்றன. சிந்திக்காரருக்கு அவை இரு வேறு எழுத்துகள். ஆக, கெய்ரோவிலோ ஜித்தாவிலோ ஒருவர் தம் பெயரை அழகுபடுத்தும்போது, அறியாமலேயே ஒரு சிந்தி எழுத்தை அதற்குள் வைத்துவிடுகிறார். வேறொருவர் அப்பெயரை இயல்பான காஃபுடன் தேடினால் அது கிட்டாமற் போகலாம்.

இனி, நம் சமய வழக்கோடு நேரே தொடர்புடைய எழுத்துகளுக்கு வருவோம். 1993இல் வெளியான யூனிகோடு 1.1, சர்வதேசத் தர நிறுவனத்தின் பட்டியலோடு இணைக்கப்பட்டபோது, பழைய அமைப்புகளோடு ஒத்துப்போவதற்காக நூற்றுக்கணக்கான அரபுக் கூட்டெழுத்துகளையும் ஏற்றது. அல்லாஹ், அக்பர், முஹம்மது, ரஸூல் ஆகிய சொற்கள் அவற்றுள் தனித்தனி எழுத்துகளாக உள்ளன. ‘ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம்’ என்னும் முழு ஸலவாத்தும் ஒரே எழுத்து. அதைப் பிரித்தால் 15 எழுத்துகளும் 3 இடைவெளிகளுமாக 18 கிடைக்கும். யூனிகோடு முழுவதிலும் ஓர் எழுத்து இத்தனையாகப் பிரிவது இங்கு மட்டுமே.

ஹதீஸ் கலை அறிஞர் இப்னுஸ் ஸலாஹ் (இறப்பு 1245) தம் முகத்திமாவில் ஸலவாத்தை ஓரிரு எழுத்துகளால் சுருக்கிக் குறிப்பதைக் கண்டித்தார். எத்தனை முறை திரும்பத் திரும்ப வந்தாலும் சலிப்பின்றி முழுமையாக எழுதவேண்டும் என்பது அவர் கருத்து. தமிழ் இஸ்லாமிய அச்சு மரபோ பிறை அடைப்புக்குள் (ஸல்), (ரலி), (அலை), (ரஹ்) என எழுதிப் பழகியது. அது எழுத்தின் சுருக்கம். வாசிப்பவர் நாவில் அது முழுமையாகவே விரியும் என்னும் நம்பிக்கை அதன் பின்னால் இருந்தது. இப்போது தமிழ் நூல்களிலும் அந்த ஒற்றை எழுத்து ஸலவாத்து பரவிவருகிறது. அதில் 15 எழுத்துகளும் கண்ணுக்குத் தெரிகின்றன. எழுதியவர் விசையை அழுத்தியதோ ஒருமுறை மட்டுமே. அது முழுமையாக எழுதியதாகுமா, சுருக்கியதாகுமா? இப்னுஸ் ஸலாஹ் வேண்டியது சலிப்பில்லாத கை. நம் காலத்தில் கைக்கே வேலையில்லை. சட்ட முடிவை உலமாக்களுக்கு விட்டுவிடுகிறோம். ஆனால் வாசகரின் பக்கமிருந்து பார்த்தால், அரபு அறியாத தமிழ் வாசகருக்கு, நுண்ணிய அச்சில் கறுப்புப் புள்ளியாகத் தெரியும் அவ்வெழுத்தைவிட (ஸல்) என்னும் தமிழ்ச் சுருக்கமே நாவை அசைக்கும் என்பது எம் எண்ணம்.

பிஸ்மியின் வரலாறு இதனினும் வேறு. 19 எழுத்துகள் கொண்ட அவ்வாக்கியம் 2003இல் யூனிகோடு 4.0இல் ஒரே குறியாகச் சேர்க்கப்பட்டது. ஸலவாத்துக்குரிய எழுத்து தன் 18 உறுப்புகளை நினைவில் வைத்திருக்கிறது. பிஸ்மிக் குறிக்கு அத்தகைய பிரிப்பே தரப்படவில்லை. கணினிக்கு அது ஒரு படம்; அதனுள் அல்லாஹ் என்னும் சொல் இருப்பதை அது அறியாது. பல எழுத்துருக்களில் இக்குறி மிக அகன்று தோன்றுவதால், உலகிலேயே அகலமான எழுத்து என்று வேடிக்கைக்காகவே அதை வரிசையாகப் பதிவிடுவோரும் தோன்றினர். எந்தச் செயலின் தொடக்கத்திலும் மொழியப்படவேண்டிய வாக்கியம் வேடிக்கைப் பொருளாவது நம்மை வருத்துகிறது. அதே வேளை, அவ்வாறு செய்வோரில் பெரும்பாலோருக்கு அது ஒரு வாக்கியம் என்பதே தெரியாது. 2021இல் யூனிகோடு 14.0 மேலும் 19 கண்ணியச் சொற்றொடர்களை இவ்வாறே சேர்த்தது. ரஹிமஹுல்லாஹ், ஆண்பால் பெண்பால் பன்மை வேறுபாடுகளோடு ரலியல்லாஹு அன்ஹு, அஸ்ஸ வஜல்ல ஆகியன அவற்றுள் அடங்கும். இவற்றுக்கும் பிரிப்பு இல்லை.

வடிவத்தைக் காக்கப்போய் எழுத்தை இழந்த வேறொரு நிகழ்வும் உண்டு. அதன் நோக்கம் முற்றிலும் தூயது. 1984இல் மதீனாவில் திறக்கப்பட்ட மன்னர் ஃபஹ்து குர்ஆன் அச்சக வளாகம், உஸ்மான் தாஹாவின் கையெழுத்தைக் கணினியில் அப்படியே காட்டுவதற்காக முஸ்ஹபின் 604 பக்கங்களுக்கும் பக்கத்திற்கு ஒன்றாக 604 எழுத்துருக்களை ஆக்கியது. ஒவ்வொரு சொல்லும் அதில் ஒற்றை உருவம். திரையில் அதன் அழகுக்கு ஈடில்லை. ஆனால் அப்பக்கத்தைப் படியெடுத்து வேறிடத்தில் ஒட்டினால் பொருளற்ற குறிகளே எஞ்சும். பின்னர் அவ்வளாகமே எழுத்தெழுத்தாக யூனிகோடில் அமைந்த எழுத்துருவையும் வெளியிட்டது.

இதுவரை கூறியவற்றுக்கெல்லாம் மாறான ஒன்று 2021 மே மாதத்தில் நிகழ்ந்தது. ஷைக் ஜர்ராஹ், காஸா நிகழ்வுகளைக் குறித்து அரபியில் எழுதியோர், தம் பதிவுகளைச் சமூக ஊடகங்களின் தானியங்கி வடிகட்டிகள் நீக்குவதாகக் கண்டு, எழுத்துகளின் புள்ளிகளை எடுத்துவிட்டு எழுதத் தொடங்கினர். பழஞ்சுவடிகளைப் பதிப்பிப்போருக்காக 2002இல் சேர்க்கப்பட்ட புள்ளியில்லா பாவும் புள்ளியில்லா காஃபும் அதற்கு உதவின. உருதுவின் நூன் குன்னாவும் துணைக்கு வந்தது. இது அலங்காரம் அன்று. எனினும் முறை அதுவே: மனிதன் வாசிப்பான், பொறி வாசிக்காது. பார்வையற்றோருக்கு இடையூறான அதே பண்பு இங்கே ஒடுக்கப்பட்டோருக்கு ஒரு திரையாயிற்று.

அவர்களால் அது எவ்வாறு இயன்றது? முதல் நூற்றாண்டு முஸ்லிம்கள் அவ்வாறே வாசித்தார்கள் என்பதே விடை. அன்றைய எழுத்தில் புள்ளிகள் அருகியே இடப்பட்டன. ஆயினும் புள்ளி என்பதே அறியப்படாதிருந்தது எனக் கூறுவது தவறு. ஹி. 22ஆம் ஆண்டில் (643) எகிப்தில் எழுதப்பட்டு இப்போது வியன்னாவில் உள்ள பப்பிரஸ் தாள் ஒன்று, 65 ஆடுகள் பெற்றுக்கொண்டதற்கான கிரேக்க, அரபு இருமொழிப் பற்றுச்சீட்டு. அதன் அரபு வரிகளில் சில எழுத்துகளுக்குப் புள்ளி உண்டு. முஸ்ஹபில் பிழையின்றி ஓதுவதற்காக அபுல் அஸ்வத் அத்துஅலீ (இறப்பு ஹி. 69) உயிரொலிகளை நிறப் புள்ளிகளால் காட்டினார் என்றும், ஹஜ்ஜாஜின் ஆட்சியில் நஸ்ரு இப்னு ஆஸிமும் யஹ்யா இப்னு யஅமரும் மெய்யெழுத்துப் புள்ளிகளை முறைப்படுத்தினர் என்றும் மரபு கூறுகிறது. இன்று நாம் காணும் ஃபத்ஹா, கஸ்ரா, தம்மா வடிவங்கள் எட்டாம் நூற்றாண்டின் கலீல் இப்னு அஹ்மதுக்கு உரியனவாகச் சொல்லப்படுகின்றன. அரபு அறியாதோர் இஸ்லாத்தில் இணைந்தபோது அவர்களும் வழுவின்றி ஓதவேண்டும் என்பதற்காகப் புள்ளிகள் பெருகின. ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்குப் பின் அரபு அறிந்தோரே அவற்றைக் களைந்தனர்.

புள்ளிகளைக் கூட்டிய கூட்டத்தில் நம் முன்னோரும் இருந்தனர். அர்வி எனப்படும் அரபுத் தமிழ், அரபியில் இல்லாத தமிழொலிகளுக்காக இருக்கும் எழுத்துகளிலேயே புள்ளி சேர்த்தது. ஃபாவின் கீழும் ஒரு புள்ளி இட்டால் பகரம், தாலின் கீழ் ஒரு புள்ளி இட்டால் டகரம். குறில் ஒகரத்திற்குத் தம்மாவைக் கவிழ்த்து மேலே இட்டனர். எகரத்திற்குக் கவிழ்ந்த தம்மாவைக் கீழே இட்டனர். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) போன்றோரின் நூல்களை மக்கள் இவ்வெழுத்திலேயே ஓதினர். அரபுலகில் வேறெங்கும் தேவைப்படாத அந்தக் கீழ்க் கவிழ்ந்த தம்மா 2015இல் யூனிகோடு 8.0இல் தனக்கென ஓர் எண்ணைப் பெற்றது. டகரத்திற்கோ புதிய எண் தேவைப்படவில்லை. தாலின் கீழ்ப் புள்ளியிட்ட அதே எழுத்தைச் சிந்தி மொழி தன் ‘ட’ வகை ஒலிக்கு முன்பே கொண்டிருந்தது. அர்விச் சுவடியைத் தட்டச்சு செய்பவர் இன்று அந்தச் சிந்தி எழுத்தையே, அதற்குரிய ஒலியோடும் உரிமையோடும், பயன்படுத்திக்கொள்கிறார்.